மாணவர் கையில் வீடியோ கேமரா: அன்றும் இன்றும்

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையிலோ கோவையிலோ விஸ்காம் என்ற காட்சித் தொடர்பியல் படித்தவர்களை இறுதியாண்டில் ஒரு கேள்வி மறிக்கும். குறும்படத்தை அனலாகில் எடுப்பதா, டிஜிட்டலில் எடுப்பதா? கேட்பதற்குத் தொழில்நுட்பக் கேள்விதான். பதிலைத் தீர்மானித்தது பெரும்பாலும் எந்த கேமரா, எந்த நாளில், யாரிடம் கிடைக்கிறது என்பதே. துறையில் எஸ்-விஹெச்எஸ் கேமரா ஒன்று இருந்தால் அதற்கு வகுப்பே வரிசையில் நிற்கும். அதை விட்டால் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன்கள். அவர்களிடம் தோளில் வைத்துப் பிடிக்கும் பானசோனிக் எம்-3000, எம்-9000 ரக விஹெச்எஸ் கேமராக்கள் இருந்தன. முகூர்த்த நாளில் கேட்கவே முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் தாராளமாகத் தருவார்கள். அந்த மாதங்களைப் பார்த்துப் படப்பிடிப்புக்கு நாள் குறித்தவர்கள் உண்டு.

இன்னொரு வழி வெளிநாட்டுச் சொந்தம். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மாமா கொண்டுவந்த ஹேண்டிகேம் என்றால் சிக்கல் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் அது என்டிஎஸ்சி முறை: 525 வரிகள், நொடிக்கு ஏறக்குறைய 30 பிரேம். நம்முடையது 'பால்' முறை: 625 வரிகள், 25 பிரேம். அந்த டேப்பைக் கல்லூரி டெக்கில் போட்டால் படம் உருளும், நிறம் போய்விடும். இன்னொரு தொல்லையும் உண்டு. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி; அமெரிக்காவில் 60. அந்த ஊருக்கென்று செய்த கேமராவில் நம் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த காட்சி விட்டுவிட்டுத் துடிக்கும். இந்தத் துடிப்பைப் பற்றிப் பின்னால் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும்.

விஹெச்எஸ் மாணவர்களை மனதில் வைத்து உருவானதல்ல. 1976-இல் ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் அதை வீட்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிந்து பார்ப்பதற்காகக் கொண்டுவந்தது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தபின் இங்கே வீடியோ டெக்குகள் தெருவுக்குத் தெரு வாடகைக்குக் கிடைத்தன. விடிய விடிய மூன்று படம் ஓட்டிய அதே அரை அங்குல டேப்பில்தான் பிறகு கல்யாணங்களும் கல்லூரிப் படங்களும் பதிவாயின. படத்தின் குறுக்கே சுமார் 240 வரி அளவுக்கான நுணுக்கம்தான் அதில் நிற்கும். நிறத்துக்குக் கிடைத்த இடம் அதைவிடவும் மிகக் குறைவு. அதனால் சிவப்பு கசியும். அரக்குப் பட்டு உடுத்தியவர் கேமராவுக்கு முன்னால் நின்றால் புடவையின் ஓரத்தைத் தாண்டி நிறம் பக்கத்துச் சுவரில் வழியும். எஸ்-விஹெச்எஸ், ஹை8 ஆகியவற்றில் நுணுக்கம் 400 வரி வரைக்கும் ஏறியது. அப்போதும் நிறம் பழைய மாதிரிதான்.

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாணவர்களை உண்மையில் அழவைத்தது, பிரதிக்குப் பிரதி நேர்ந்த இழப்பு. கேமராவில் பதிந்தது முதல் தலைமுறை. எடிட் செய்து இன்னொரு டேப்பில் ஏற்றியது இரண்டாவது. அதன்மேல் டைட்டில் போட்டால் மூன்றாவது. நண்பர்களுக்கும் தேர்வாளருக்கும் நகல் எடுத்தால் நான்காவது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஓரங்கள் மங்கும், புள்ளி இரைச்சல் கூடும், நிறம் இன்னும் கொஞ்சம் நகரும். கஷ்டப்பட்டு ஒளியமைத்து எடுத்த முகம், மதிப்பெண் போடுகிறவரிடம் போய்ச் சேரும்போது மூக்கும் விழியும் கரைந்துபோயிருக்கும்.

எடிட்டிங் என்ற வேலையே அன்று வேறு. இரண்டு டெக், இரண்டு மானிட்டர், நடுவில் ஒரு கன்ட்ரோலர். ஒன்றில் மூலம் ஓடும், மற்றொன்றில் ஷாட் ஷாட்டாகப் பதிவாகும். ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு டேப்புகளும் சில நொடிகள் பின்னோக்கிப் போய், வேகம் பிடித்து, ஒன்றாக ஓடிவந்து சேர வேண்டும். முதல் ஷாட்டிலிருந்து கடைசி ஷாட் வரைக்கும் வரிசையாகத்தான் கட்டிக்கொண்டு போக முடியும். பத்து நிமிடப் படத்தை முடித்தபின் இரண்டாவது நிமிடத்தில் ஒரு ஷாட்டை மூன்று நொடி நீட்ட வேண்டும் என்று தோன்றினால் இரண்டே வழிகள்தான்: அதற்குப் பின்னால் உள்ள எட்டு நிமிடத்தையும் மறுபடி கட்ட வேண்டும், அல்லது அந்த எட்டு நிமிடத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டி, ஒரு தலைமுறைத் தரத்தை இழக்க வேண்டும். எடிட் சூட்டோ மணிக்கணக்கில் வாடகை. எனவே படத்துக்கு என்ன தேவை என்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், வேண்டாம் விட்டுவிடலாம் என்று எழுந்துவிடுவார்கள். அன்றைய மாணவர் படங்கள் பலவற்றில் தெரியும் தளர்ச்சிக்குத் திறமைக் குறைவைக் காரணம் சொல்ல மாட்டேன். திருத்துவதற்கு வாய்ப்பே தராத கருவிதான் காரணம்.

இந்த நிலைமையை மாற்றியது 1995-இல் வந்த டிவி என்ற டிஜிட்டல் வீடியோ முறை. கால் அங்குல அகல டேப் கொண்ட சின்ன மினிடிவி கேசட்டில் ஒரு மணி நேரம் பதியலாம். நுணுக்கம் சுமார் 500 வரி. அதே ஆண்டில் சோனி விஎக்ஸ்1000 மூன்று சிசிடி சில்லுகளோடு வந்தது. அதில் ஃபயர்வயர் என்ற சின்ன இணைப்புத் துளையும் இருந்தது. கேமராவின் புகழையெல்லாம் படக்கூர்மைக்கே எழுதிவைத்தார்கள். எனக்கு அந்தச் சின்னத் துளைதான் பெரிதாகத் தெரிகிறது. டேப்பில் இருந்தவை எண்கள். அந்த எண்கள் கம்பி வழியே கணினிக்குப் போகும்போது ஒன்றுகூட மாறுவதில்லை. பத்தாவது பிரதியும் முதல் பிரதியும் ஒன்றே. கணினிக்குள் போய்விட்டால் இரண்டாவது நிமிடத்து ஷாட்டை நீட்டலாம், குறைக்கலாம், தூக்கிக் கடைசியில் வைத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் பழையபடி திருப்பிவிடலாம். படத்தைத் திருத்தி எழுதும் உரிமை அப்போதுதான் மாணவருக்குக் கிடைத்தது.

அது உடனே கைக்கு வந்துவிடவில்லை. ஒரு மணி நேர டிவி பதிவுக்குக் கணினியில் சுமார் 13 ஜிபி இடம் வேண்டும். 2000-ஐ ஒட்டிய நாட்களில் வீட்டுக் கணினிகளின் ஹார்ட் டிஸ்க்கே 10, 20 ஜிபிதான். ஒரு கேசட்டை ஏற்றினால் வட்டு நிரம்பிவிடும். பழைய விண்டோஸ் வட்டமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஆகவே சுமார் 19 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு அறுந்துவிடும். ஃபயர்வயர் அட்டையைச் சென்னை ரிச்சி தெருவில் அலைந்து வாங்க வேண்டும். இதனால் ஒரு நல்ல பழக்கம் வந்தது. எடுத்ததை எல்லாம் ஏற்ற இடமில்லை என்பதால் முதலில் டேப்பை முழுக்க ஓடவிட்டுப் பார்த்து, எந்த ஷாட் எந்த நிமிடம் எந்த நொடியில் இருக்கிறது என்று லாக் ஷீட்டில் எழுதினார்கள். தேவையானதை மட்டும் ஏற்றினார்கள். தான் எடுத்ததைத் தானே பொறுமையாகப் பார்ப்பது எடிட்டிங்கில் பாதி வேலை.

டிவி வந்ததும் உலகம் முழுக்கச் சிறு கேமராக்காரர்களுக்குத் துணிச்சல் வந்தது. டென்மார்க்கின் தாமஸ் விண்டர்பெர்க் கையடக்க மினிடிவி கேமராவில் எடுத்த 'ஃபெஸ்டன்' 1998 கான் விழாவில் ஜூரி பரிசு பெற்றது. இங்கே அந்தத் துணிச்சல் முதலில் ஆவணப்படத்தில் தெரிந்தது. மதுரையைச் சேர்ந்த ஆர்.பி. அமுதன் 2003-இல் 'பீ' என்ற படத்தை வீடியோவில் எடுத்தார். தெருவில் மலம் அள்ளும் ஒரு தூய்மைப் பணியாளரின் கூடவே போய், அவர் வேலையை மறைக்காமல் காட்டிய படம். பெரிய கேமராவும் விளக்குகளும் ஒரு கூட்டமும் போய் நின்றிருந்தால் அந்தத் தெருவில் அந்தக் காட்சி கிடைத்திருக்காது. விஸ்காம் வகுப்பில் கேமரா தேர்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தப் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பேன். எந்தக் கேமரா சிறந்தது என்ற விவாதத்தை அது ஓரம் கட்டிவிடும்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 2008-இல் கேனான் 5டி மார்க் 2 வந்தது. ஸ்டில் கேமராவில் முழு ஹெச்டி வீடியோ. டேப் போய் கார்டு வந்தது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி குறும்படங்களை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் பாலாஜி மோகனும் அங்கிருந்து திரைக்குப் போனார்கள். 2012-இல் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' கேனான் 7டி-யில் எடுக்கப்பட்டுத் திரையரங்குகளில் ஓடியது. மாணவர் கையில் இருந்த அதே கேமரா அது. அனலாகா டிஜிட்டலா என்ற கேள்வி அதோடு வகுப்பறையிலிருந்து போய்விட்டது.

இன்று கேமரா சட்டைப் பையில் இருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். டிவி படத்தின் ஒரு பிரேமில் 720க்கு 576, அதாவது நான்கு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். செல்பேசியின் 4கே பிரேமில் 3840க்கு 2160, சுமார் 83 லட்சம் புள்ளிகள். இருபது மடங்கு. ஆனால் ஐபோன் 4கே-யில் நொடிக்கு 30 பிரேம் வீதம் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, மணிக்குச் சுமார் 10 ஜிபி. பழைய டிவி பதிவைவிடக் குறைவு! டிவி ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாகச் சுருக்கி வைத்தது. இன்றைய முறை ஒரு பிரேமை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த பிரேம்களில் எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொள்கிறது. இடம் மிச்சம், ஆனால் எடிட் செய்யும்போது நடுவில் ஒரு பிரேமைக் காட்ட, கணினி முன்னும் பின்னும் ஓடிக் கணக்குப் போட வேண்டும். புது செல்பேசியின் காட்சி பழைய லேப்டாப்பில் திக்கித் திணறுவது இதனால்தான். சிறிய அளவில் ஒரு மாற்றுப் பிரதி செய்து அதில் வெட்டி, கடைசியில் மூலத்தோடு இணைத்துவிட்டால் சாதாரண லேப்டாப்பே போதும். டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இந்த வசதி இருக்கிறது.

இவ்வளவு மாறியும் சில தொல்லைகள் விட்டபாடில்லை. முதலில் சொன்ன துடிப்பு அப்படியே இருக்கிறது. செல்பேசிகள் பெரும்பாலும் நொடிக்கு 30 பிரேம் என்ற அமைப்போடுதான் வருகின்றன. நம் மின்சாரம் இன்றும் 50 சுழற்சிதான். வகுப்பறையில், மருத்துவமனை நடையில், டீக்கடையில் மலிவான விளக்குக்குக் கீழே எடுத்துவிட்டு, படத்தில் பட்டை பட்டையாக இருள் நகர்கிறதே என்று மாணவர்கள் வந்து நிற்கிறார்கள். 25 பிரேமும், நொடியில் 50-இல் ஒரு பங்கு ஷட்டரும் வைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். செல்பேசியோடு வரும் கேமரா செயலியில் அந்த வசதி இல்லையென்றால், பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலிகள் இருக்கின்றன. அவற்றால் இன்னொரு நன்மையும் உண்டு. செல்பேசி தன் போக்கில் விட்டால் பிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். நீளமான பேட்டியில் உதட்டசைவும் குரலும் மெல்ல விலகிப்போகும். வேகத்தைப் பூட்டிவைத்தால் அது நடக்காது.

ஒலி இன்னும் பெரிய விஷயம். விஹெச்எஸ் காலத்தில் கேமராவோடு இருந்த மைக்கில் டேப் சுற்றும் மோட்டார் சத்தமும் சேர்ந்து பதிந்தது. டிவி கேமராக்கள் வந்தபோது சிடி தரத்துக்கு ஈடான ஒலியைப் பதியும் வசதி வந்தும், மைக் வாங்கக் காசில்லாமல் தூரத்தில் நின்றே குரலைப் பிடித்தார்கள். இன்று 4கே-யில் மயிர்க்கால் தெரிகிறது. பாட்டி பேசுவதோ பேருந்து இரைச்சலுக்கு நடுவில் பாதிதான் கேட்கிறது. மங்கலான படத்தைப் பார்வையாளர்கள் பத்து நிமிடத்தில் பழகிக்கொள்வார்கள். கேட்காத வசனத்தை யாரும் பழகிக்கொள்வதில்லை. இருக்கும் செல்பேசியையே வைத்துக்கொண்டு, புதுக் கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தை ஒரு நல்ல காலர் மைக்கில் போடுங்கள் என்று எந்த மாணவர் கேட்டாலும் சொல்வேன். பேசுகிறவரின் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் சாதாரண மைக், பத்தடி தள்ளி நிற்கும் விலையுயர்ந்த கேமராவின் மைக்கை எந்த நாளும் வெல்லும்.

டேப் காலத்தில் மாணவர்களுக்கு ஒழுங்கு இருந்தது, யோசித்து எடுத்தார்கள், இன்று கண்டபடி எடுத்துத் தள்ளுகிறார்கள் என்று என் வயதுக்காரர்கள் சொல்வதுண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. டேப் சிக்கனம் யோசிக்க வைத்தது உண்மைதான். லாக் ஷீட் பற்றி நானே சொன்னேன். ஆனால் அந்தச் சிக்கனத்தின் விலையை எல்லோரும் ஒரே மாதிரி கொடுக்கவில்லை. அப்பா வாங்கித் தந்த கேமரா உள்ளவர் மூன்று டேக் எடுத்தார். கல்யாண வீடியோக்காரரிடம் கெஞ்சி ஒரு நாளைக்கு வாங்கியவர் ஒரே டேக்கோடு முடித்துக்கொண்டார். தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகளிலிருந்தும் மீனவக் குப்பங்களிலிருந்தும் மலைக் கிராமங்களிலிருந்தும் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள் தங்கள் ஊரைத் தாங்களே படமெடுக்க முடிகிறது என்றால் அது இந்தக் காலத்தின் கொடை. லாக் ஷீட்டை இன்றும் எழுதலாம். அதற்கு டேப் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

சில மாணவர்கள் இப்போது பழைய ஹேண்டிகேமைத் தேடிப் போகிறார்கள். அந்த மங்கலும் நிறக்கசிவும் படத்துக்கு ஒரு காலத்தின் வாசனையைத் தருகின்றன என்பது அவர்கள் எண்ணம். கதை 1994-இல் நடக்கிறது, அந்த வீட்டுக் கல்யாண வீடியோ ஒன்று படத்தில் வர வேண்டும் என்றால் உண்மையான விஹெச்எஸ்ஸில் எடுப்பது நல்ல தேர்வு. கணினியில் பூசும் பாவனைக் கோடுகள் அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்: டேப் போடுகிற கேமரா எல்லாம் அனலாக் அல்ல. மினிடிவியும் டிஜிட்டல்8-உம் டேப்பில் ஓடினாலும் டிஜிட்டல்தான். அவற்றைக் கணினிக்கு ஏற்ற ஃபயர்வயர் வேண்டும்; புதிய கணினிகளில் அந்தத் துளையே இல்லை. நிலையான வேலைக்கு, முழுப் படத்துக்கு, பழைய கேமராவை நம்ப வேண்டாம். ஹெட் தேய்ந்திருக்கும், ரப்பர் உருளைகள் இறுகியிருக்கும், உதிரி பாகம் கிடைக்காது.

உதிரி பாகத்தைச் சொல்லும்போது எனக்கு வேறொரு கவலை வருகிறது. உலகில் விஹெச்எஸ் டெக் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனம், ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. இருக்கிற டெக்குகள் பழுதானால் அவ்வளவுதான். நம் கடற்கரை ஈரக்காற்றில் டேப்பில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கிறது; பிடித்த டேப்பைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினால் டெக்கின் ஹெட்டும் கெட்டு, அடுத்துப் போடுகிற டேப்புக்கும் பூஞ்சை தொற்றுகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் பீரோக்களில் எண்பதுகளின் கடைசியிலிருந்து எடுக்கப்பட்ட மாணவர் படங்கள் கிடக்கின்றன. அன்றைய மவுண்ட் ரோடு, கூவம் கரைக் குடிசைகள், கூத்துக் கலைஞர்கள், தறிப் பட்டறைகள், இன்று உயிரோடு இல்லாத தாத்தா பாட்டிகளின் பேச்சு. அவற்றில் பலவற்றை வேறு யாரும் படம் எடுத்துவைத்திருக்க மாட்டார்கள்.

இன்றைய கோப்புகளுக்கும் ஆயுள் உத்தரவாதம் கிடையாது. செல்பேசி தொலைகிறது, ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் சுற்றாமல் நிற்கிறது, படிப்பு முடிந்து கல்லூரி மின்னஞ்சல் கணக்கு மூடப்பட்டால் அதிலிருந்த படமும் போகிறது. வாட்ஸ்ஆப்பில் சுருங்கிப்போன ஒரு நகல் மட்டும் மிஞ்சும். மங்கலாகவாவது முப்பது வருடம் தாங்கிய டேப்போடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஆண்டு இறுதிப் படம் எடுக்கிறவர்களே, முடித்த படத்தையும் மூலக் காட்சிகளையும் இரண்டு வட்டுகளில் பதிந்து, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை திறந்து ஓட்டிப் பாருங்கள். விஸ்காம் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் துறை பீரோவைத் திறந்து, டேப்புகளுக்கு ஒரு பட்டியல் போட்டு, ஓடுகிற டெக் வைத்திருக்கும் கல்யாண வீடியோக்காரர் யார் என்று விசாரியுங்கள். அவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, கணினிக்கு மாற்றி வாங்குங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் செய்துவிடுங்கள்.